பாதித் தாளில் அடங்காத மூன்று வரி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பா நலம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்; மற்ற நாட்களில் என் சமையலைத் திட்டுவது. இரண்டும் தவறாமல் நடக்கின்றன. உன் முதுகுவலி தேவலையா?

நேற்று ஆஸ்பத்திரியில் பதிவு ஜன்னலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். புதிய சுகாதாரச் சட்டப்படி இந்த ஆஸ்பத்திரியை ஒரு வாரியம் எடுத்துக்கொள்ளப் போகிறது, எல்லா நோயாளிகளும் மறுபடி பதிய வேண்டும் என்று இரண்டே வரி. எங்கே, எப்போது, யாரிடம், ஒன்றும் இல்லை. பஞ்சர் கடைக்காரரைத் தெரியுமல்லவா? அவருடைய அம்மாவும் நம் அப்பாவும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுப்பவர்கள். அவர் போய் விவரம் கேட்டார். எங்களுக்கே தெரியாது என்றார் குமாஸ்தா. நாலாவது முறையும் அதையே சொன்னபோது பஞ்சர் கடைக்காரர் முஷ்டியை மடக்கிக் கண்ணாடியில் விட்டார். சில்லு பறந்து குமாஸ்தாவின் புருவம் கிழிந்தது. இவருக்கு முழங்கை வரைக்கும் ரத்தம். அது சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "எங்கம்மாவுக்கு மெஷின் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டார்.

இன்னொரு விஷயம். கொசு ஒரு பட்டியல் எடுக்கிறார். உனக்குக் கொசுவைத் தெரியாது. டயாலிசிஸ் பிரிவு டெக்னீஷியன், முப்பது வயதுகூட இருக்காது. கொசு கடித்தால்கூடத் தெரியும், இவன் ஊசி குத்துவது தெரிவதே இல்லை என்று சொல்லி அப்பா வைத்த பெயர். இப்போது ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அறுபத்தைந்து தாண்டியவர்களின் பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொள்கிறார். எதற்கு என்று கேட்டால், மேலே கேட்டிருக்கிறார்கள், கொடுக்கிறேன் என்கிறார். அப்பாவுக்கு அறுபத்தெட்டு. பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது.

வானொலி ஒன்று சொல்கிறது, பத்திரிகை இன்னொன்று சொல்கிறது, டீக்கடை பத்து விதமாகச் சொல்கிறது. நீ பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். உண்மை என்ன என்று கேட்டு எழுது. நீ எழுதினால்தான் நான் நம்புவேன். அச்சக முதலாளி வெளியூர்ப் பேச்சுக்குத் தொலைபேசியைத் தொட விடுவதில்லை, அதனால் தபாலிலேயே எழுது.

உன் தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. வயதானால் கழன்று விழும் என்று பார்க்கிறேன், விழ மாட்டேன் என்கிறது. அப்பாவுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிறாயா? கண்டக்டர் வேலை பார்த்தவருக்குக் கணக்கு சொல்லத் தேவையில்லை, ஆனால் திருட்டுத்தனமாகக் குடிப்பார். செம்பை ஒளித்து வை.

இங்கேயும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு நோயாளியின் மருமகன் எங்கள் வார்டு டாக்டரை அறைந்து, கீழே தள்ளி, நெஞ்சில் மிதித்தான். மூன்று விலா எலும்பு போயிற்று. இழுக்கப் போன எனக்கு உதடு கிழிந்தது. காரணம் கேட்டால் சட்டம் என்கிறான். எந்தச் சட்டம், எந்தப் பக்கம், எந்த வரி என்று அவனுக்கும் தெரியாது, மிதிபட்ட டாக்டருக்கும் தெரியாது.

நீ கேட்டதை விசாரித்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருவர் கேன்டீனில் சொன்னார். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு டயாலிசிஸை நிறுத்தப் போகிறார்கள். அவர்களுடைய நேரம் வயது குறைந்தவர்களுக்குப் போகும். எல்லா ஆஸ்பத்திரியிலும் பட்டியல் எடுப்பது அதற்காகத்தான். கேட்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நாற்பது வருடம் நின்றுகொண்டே சீட்டுக் கிழித்த மனுஷனை இறங்கு என்று சொல்ல இவர்கள் யார்?

ஆனால் ஒன்று. இதை நான் என் கண்ணால் எந்த உத்தரவிலும் படிக்கவில்லை. அரசிதழ் எங்கள் நூலகத்துக்கு வரும், வந்ததும் படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே, அப்பாவிடமும்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உதடு ஆறிவிட்டதா? இங்கே இருவரும் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. வேறு யாரும் வாயைத் திறக்காதபோது நீயாவது தெளிவாக எழுதினாயே, அதுவே பெரிய உதவி. இந்த வாரம் வேலை தலைக்குமேல். ஓர் அவசர நோட்டீஸ், இரண்டாயிரம் பிரதி. வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கூடுகிறார்கள். பஞ்சர் கடைக்காரர் கட்டுப்போட்ட கையோடு வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறார். கொசு சைக்கிளில் போனபோது யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள், காதோரம் காயம். அதோடுதான் நேற்று அப்பாவுக்கு ஊசி போட்டார். அப்பா அவருக்காகப் பரிதாபப்படுகிறார். எனக்குப் பரிதாபம் வரவில்லை அக்கா. பட்டியலை எழுதிய கைதானே அது.

உன் தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, தபால் கட்டும் நேரம் ஆகிறது. அரசிதழைப் படித்துவிட்டேன். போன வாரம் நூலகம் பூட்டிக்கிடந்தது, நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் வரிவிடாமல் படித்தேன்.

கணக்குப் பிரிவுக்காரர் சொன்னது சுத்தப் பொய். யாருக்கும் டயாலிசிஸை நிறுத்தவில்லை. அறுபத்தைந்து தாண்டியவர்களை வீட்டுக்கே வந்து வண்டியில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பட்டியல். முப்பத்தொன்றாம் பக்கம். கையால் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் காட்டு.

சட்டம் முழுக்கத் தங்கம் என்று சொல்லவில்லை. சின்ன ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள். அது எண்பதாம் பக்கத்தில் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் கத்தக் காணோம். கத்துவதாக இருந்தால் அதற்குக் கத்துங்கள்.

கேள்விப்பட்டதை அவசரப்பட்டு எழுதியது என் தப்பு. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கொசுவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அச்சகத்தில் இருந்தேன். மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நூறு பேர் கூடுவார்கள் என்று பார்த்தால் ஆயிரம் பேர். முதலில் கோஷம், பிறகு கல். பதிவு அறைக்குத் தீ வைத்தார்கள். மீட்டர் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்ததில் கட்டடம் முழுக்க மின்சாரம் போயிற்று. அப்போது டயாலிசிஸ் பிரிவில் நான்கு பேர் மெஷினில் இருந்தார்கள், அப்பாவும் பஞ்சர் கடைக்காரரின் அம்மாவும் உட்பட. மின்சாரம் நின்றதும் கொசு கதவைச் சாத்திவிட்டு, பம்பின் கைப்பிடியைக் கையால் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாராம். குழாய் முழுக்க ரத்தம். கதவை உடைத்து நுழைந்தவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்று புரியவில்லை. கிழவரின் ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்று யாரோ கத்த, சலைன் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தால் பின்மண்டையில் அடித்துவிட்டார்கள். பிறகு மெஷின்களை உடைத்தார்கள். நான்கில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கொசுவுக்கு நினைவு வரவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் உடம்பு ரத்தம் அவர் உடம்புக்கே போய்விட்டது என்கிறார்கள். இனி டயாலிசிஸுக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி, காலை ஆறு மணி பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். நீ கவலைப்படாதே.

உன் தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

எங்கள் கண்காணிப்பாளர் மேஜைமீது உங்கள் ஊரிலிருந்து வந்த ஒரு நோட்டீஸ் கிடந்தது. கலவரத்துக்கு இதுதான் காரணமாம், எல்லா ஆஸ்பத்திரிக்கும் எச்சரிக்கையாக அனுப்பியிருக்கிறார்கள். "பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிய உண்மைக் கடிதம்" என்று தலைப்பு. வயிறு பற்றி எரிந்தது என்பதும் இருக்கிறது, சீட்டுக் கிழித்த மனுஷன் என்பதும் இருக்கிறது. நான் எழுதியது எனக்கு அடையாளம் தெரியாதா? எல்லோர் முன்னாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி மூன்று வரி எங்கே? உத்தரவில் படிக்கவில்லை, படித்துவிட்டு எழுதுகிறேன், யாரிடமும் சொல்லாதே என்று எழுதினேனே, அது எங்கே போயிற்று?

இன்னொரு கேள்வி. நீ அச்சகத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறாய். அச்சகத்தில் இருந்தவனுக்குக் கொசு கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றினார் என்று எப்படித் தெரியும்?

உடனே பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டீஸை நான்தான் அச்சடித்தேன். மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கையில் பாதித் தாள்தான் இருந்தது. தலைப்பைப் பெரிய எழுத்தில் வைத்தபிறகு மூன்று வரி மிஞ்சியது. மிஞ்சினால் அடியில் வெட்டுவோம், அதுதான் எங்கள் தொழில். கடைத் திறப்பு நோட்டீஸ் என்றால் முகவரிக்குக் கீழே உள்ளதை வெட்டுவோம், யாரும் கேட்டதில்லை. அந்த வரிகளைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் வெட்டினேன். அப்பா சாகப்போகிறார் என்று மனதில் விழுந்தபிறகு அவை எனக்குச் சும்மா ஜாக்கிரதைக்கு எழுதியதாகத்தான் தெரிந்தன.

கைப்பிடி விஷயம் யாரோ சொல்லக் கேட்டது. வேறொன்றும் இல்லை.

கொசு ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். பதினாறு நாள் கண்ணே திறக்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான். போலீஸ் பஞ்சர் கடைக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே கண்ணாடி உடைத்தவன், இவன்தான் அடித்திருப்பான் என்கிறார்கள். விசாரிக்கிறேன் என்று அவர் கட்டுப்போட்ட கையையே முறுக்கி ஒடித்துவிட்டார்கள். அவர் இல்லாததால் அவர் அம்மாவைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது, முகம் வீங்கிக் கிடக்கிறார்.

அக்கா, உன்னிடம் இருக்கும் என் கடிதங்களை எரித்துவிடு. முக்கியமாக மார்ச் 27 தேதியிட்டதை.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. கால் வீக்கம் எப்படி இருக்கிறது? பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா?

தம்பி எல்லாம் எழுதுகிறான், ஒன்றைத் தவிர. நீங்கள் அந்தப் படுக்கையில் இருந்தீர்கள். கொசுவை அடித்தது யார் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்குச் சொல்லுங்கள். நான் எழுதிய கடிதத்தில்தான் இது தொடங்கியது, அதனால் கேட்கும் உரிமை எனக்கு உண்டு. நீங்கள் சொல்லப்போவதை நான் ஏற்கெனவே யூகித்துவிட்டேன் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதம். கால் வீக்கம் இருக்கிறது. பஸ்ஸில் இடம் கிடைக்கிறது. கண்டக்டர் சின்னப் பையன், நான் பழைய கண்டக்டர் என்று தெரிந்ததும் எழுந்து தன் இருக்கையையே கொடுத்துவிட்டான்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஒருமுறைதான் எழுதுவேன், கை வலிக்கிறது.

விளக்கு அணைந்ததும் கொசு எங்களிடம் பயப்படாதீர்கள் என்றான். மெஷினுக்குள்ளே நிற்கிற ரத்தம் உறைந்துபோனால் ஆள் போச்சு, அதைக் கையால் சுற்றி உடம்புக்குத் திருப்ப வேண்டும். முதலில் மற்ற மூவருக்கும் சுற்றி முடித்து, பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினான். நான் கடைசி. வெளியே கதவு பிளக்கிறது, ஓடிப்போடா என்றேன். "நீங்க கடைசி ஸ்டாப்புங்க, இறக்கி விட்டுட்டுதான் போவேன்" என்றான். என் பேச்சை எனக்கே திருப்பிச் சொல்வான் அந்தப் பயல்.

கதவு விழுந்தது. முதலில் நுழைந்தவன் உன் தம்பி. குழாயில் என் ரத்தத்தைப் பார்த்தான், கொசுவின் கையைப் பார்த்தான். பார்த்த கண்ணில் அறிவு இல்லை. கம்பத்தைத் தூக்கினான். "திருப்பி உள்ள அனுப்புறான்டா, அடிக்காதடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் கூச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மண்டை உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. அது இப்போதும் கேட்கிறது.

கொசு விழுந்தான். விழுந்தவன் என் கட்டிலைப் பிடித்து ஒரு முட்டியில் எழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வடிகிறது, இவன் மறுபடி கைப்பிடியைச் சுற்றுகிறான். ஏழெட்டுச் சுற்று. குழாய் வெளுத்ததும் கவ்வியைப் போட்டான், ஊசியைப் பிடுங்கினான், பஞ்சை வைத்து என் கட்டை விரலை அதன்மேல் அழுத்தி வைத்தான். அதற்குப் பிறகுதான் சாய்ந்தான். உன் தம்பி கம்பத்தைப் பிடித்தபடி இதை முழுக்கப் பார்த்தான். அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது. புரிந்தபிறகு ஓடினான்.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. அவன் சமைக்கிறான், நான் தின்கிறேன். திங்கள், புதன், வெள்ளி பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் வருகிறான், என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இறங்குகிறான். தானாகப் போய்ச் சொல்வான் என்று ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன். அங்கே பஞ்சர் கடைக்காரன் செய்யாத குற்றத்துக்கு அடிபடுகிறான், அவன் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள்.

டயாலிசிஸ் போதும் என்று எத்தனையோ நாள் நினைத்தவன் நான். இப்போது ஒரு நாளும் தவறாமல் போகிறேன். சாட்சி சொல்வதற்குள் செத்துவிடக் கூடாது. வரும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள், இருபத்தேழாம் தேதி வரைக்கும் அவனுக்குத் தவணை. அன்று டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கப்போகிறேன்.

அப்பா


ஏப்ரல் 22

தம்பிக்கு,

அப்பா எழுதிவிட்டார்.

உன் கடிதங்களை எரிக்கவில்லை, எரிக்கவும் மாட்டேன். நான் எழுதியதற்கு நானும் வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன். ஆயிரம் பேர் கையில் கடப்பாரையைக் கொடுத்ததில் என் பங்கு உண்டு. படிக்காமல் எழுதினேன், ஆத்திரத்தை முதலில் எழுதிவிட்டு எச்சரிக்கையைக் கடைசியில் வைத்தேன். தலைகீழாக எழுதியிருந்தால் நீ வெட்டியிருப்பது வேறு மூன்று வரி. இதைத் தினமும் நினைக்கிறேன்.

உன்னை வெறுக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நீ அப்பாவைக் காப்பாற்றத்தான் ஓடினாய். ஆனால் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனை அடித்துக் கொன்றுவிட்டாய். இரண்டும் உண்மைதான், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

திங்கட்கிழமை அப்பா ஸ்டேஷனுக்குப் போகிறார். அதற்குமுன் நீ போய்விடு. பெற்ற பிள்ளையின் பெயரை அவர் வாயால் சொல்ல வைக்காதே. எனக்கு விடுப்பு சனிக்கிழமைதான் தருகிறார்கள், மே இரண்டாம் தேதி அங்கே இருப்பேன்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நான் சிறையில் இருக்கிறேன். நலம்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவதா, போட்டுக்கொண்டே ஏறுவதா என்று நின்றேன். அதையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் கோழை அக்கா. கம்பத்தைத் தூக்க யோசிக்காதவனுக்குப் படியேறத் தைரியம் இல்லை.

அப்பா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஊசி போட்ட கையில் கட்டோடு. என் முன்னாலேயே அவர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். அவர் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கையெழுத்து வாங்கும்போது, அடித்தவன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மகன்" என்றார். "எனக்கு ஒரே மகன். அதையும் எழுதிக்கங்க."

ஒரு மாதம் கழித்து அவர் குரலை அப்போதுதான் கேட்டேன். பஞ்சர் கடைக்காரரை மறுநாள் விட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அம்மா உயிரோடு இல்லை. கொசுவின் மனைவியும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என்னை அடிப்பார் என்று தலையைக் குனிந்து கொடுத்தேன். அவர் அடிக்கவில்லை, அப்பா எழுந்திருக்க முடியாமல் தடுமாறியதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

நீ சனிக்கிழமைதான் வருவாய். இன்று புதன்கிழமை. இங்கே விடிந்ததிலிருந்து எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. ஆறு மணி பஸ்ஸில் படி உயரம், அப்பாவால் தானாக ஏற முடியாது.

அவரை இன்று யார் ஏற்றிவிட்டார்கள் அக்கா?

உன் தம்பி